ஓட்டுநர் குப்பி

ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரைக்கு விஸ்கி சுற்றுலா வர நினைக்கிறவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டால், இஷ்பெல் கெடஸ் வணக்கம் சொன்ன கையோடு கேட்பது ஒன்றே ஒன்று: "யார் ஓட்டுறது?"

"லேசா ருசி பார்த்துட்டு நாங்களே ஓட்டிக்குவோம்" என்று இங்கிலாந்துக்காரர் எவராவது சொன்னால் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்.

"ஐயா, குடிச்சிட்டு ஓட்ட உங்க ஊர்ல விடுற அளவு இங்க செல்லாது. எங்க சட்டம் இன்னும் கறார். முதல்ல ஓட்டுறவரு யாருன்னு முடிவு பண்ணுங்க, அப்புறம் ரூம் போடுங்க. ஒரு நாளைக்கு மூணு ஆலைக்கு மேல வேண்டாம். நாலாவதுல என்ன குடிச்சீங்கன்னு உங்களுக்கே தெரியாது. ஓட்ட ஆள் இல்லையா, நான் இருக்கேன்."

பதினோரு வருடமாக அவள் இருந்தாள், எட்டுப் பேர் உட்காரும் தன் பச்சை வேனோடு. காலை எட்டு மணிக்கே வண்டி எடுக்க வேண்டும் என்பதால் முந்தின இரவும் தொடமாட்டாள். குளிர்காலம் வந்தால் பள்ளிக்கூட வண்டி. ஆக, அந்த ஊரில் விஸ்கியைப் பற்றி மூச்சுவிடாமல் பேசுகிறவளின் நாக்கில் விஸ்கி பட்டு ஒரு மாமாங்கம் ஆகப் போகிறது.

ஆலைகளில் ஓட்டுகிறவர்களுக்கென்று ஒரு மரியாதை உண்டு. மற்றவர்களுக்குக் கிளாஸில் ஊற்றும்போது, ஓட்டுநர் கையில் மூடி போட்ட ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்துவிடுவார்கள். வீட்டுக்குப் போய்க் குடித்துக்கொள்ளலாம். இஷ்பெலின் குப்பிகளும் ஒழுங்காக வீடு போய்ச் சேர்ந்தன. குடித்தது அவள் கணவன் டூகல். பீப்பாய் செய்யும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன்.

"கெட்டுப் போயிடுமேன்னு பார்த்தேன்" என்பான்.

விஸ்கி எந்தக் காலத்தில் கெட்டது! ஆனாலும் குடித்துவிட்டு ருசியை விவரமாகச் சொல்லுவான். மறுநாள் அதையே அவள் பயணிகளுக்கு ஒப்பிப்பாள்.

அறுபதாவது பிறந்தநாளுக்கு என்ன வேண்டும் என்று அவன் கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை.

"ஒரு நாள் நீ ஓட்டு. நான் குடிக்கிறேன்."

இரண்டே ஆலைகள், நடுவில் சூடான சூப் என்று மூன்று வாரம் திட்டம் போட்டாள். மற்றவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் போட்டுக் கொடுப்பதுதான். தனக்கென்று வரும்போது கை ஓடவில்லை.

அன்று காலை டூகல் ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு வளைவிலும் அவள் வலது கால் தரையை மிதித்தது.

"அங்க பிரேக் இல்ல, இஷ்பெல்."

"இருந்திருக்கணும். நீ ஓட்டுற லட்சணத்துக்கு ரெண்டு இருந்திருக்கணும்."

ஆக்கன்வாரி ஆலையில் சுற்றிக் காட்டும் கட்ரியோனா அவளைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினாள். விஸ்கி வடிக்கும் செப்புக் கலங்களின் சூட்டையும் பீப்பாய்க் கிடங்கின் குளிரையும் கடந்து ருசி பார்க்கும் மேசைக்கு வந்தார்கள். ஒரு ஜெர்மன் தம்பதிக்குப் பதில் சொல்லிக்கொண்டே கட்ரியோனா வரிசையாக நீட்டினாள். ஜெர்மன்காரருக்கு ஒரு கிளாஸ், அவர் மனைவிக்கு ஒன்று, டூகலுக்கு ஒன்று. இஷ்பெலுக்குக் குப்பி.

இஷ்பெலும் "நன்றி, கண்ணு" என்று வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். பதினோரு வருடப் பழக்கம். டூகலின் காலி கிளாஸ் டக்கென்று மேசையில் இறங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"டேய் டூகல், என்ன பண்ணித் தொலைச்ச?"

அவன் கிளாஸைப் பார்த்தான். "கையில கொடுத்தாங்க."

"விஷத்தக் கொடுத்தாலும் குடிச்சிடுவியா?"

"விஷம் இல்ல, இஷ்பெல். பதினாறு வருஷச் சரக்கு."

"ஐயோ அக்கா, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்!" என்று கட்ரியோனா வாயைப் பொத்திக்கொண்டாள்.

டூகல் தலையைக் குனிந்தபடி வண்டிச் சாவியை எடுத்து நீட்டினான். அந்த மேசையில் ஒரு சொட்டும் குடிக்காதவள் அவள் ஒருத்திதான். சாவியைக் கண்டதும் இஷ்பெலுக்கு அழுகை வந்தது. அறுபது வயதில், ஒரு கிளாஸ் விஸ்கிக்காக, ஜெர்மன்காரர்கள் முன்னால் அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சாவியை வாங்கினாள். வாங்கி, கட்ரியோனாவிடம் கொடுத்தாள்.

"இத ஆணியில மாட்டு. வேன் இங்கேயே கிடக்கட்டும், நாளைக்கு மத்தியானம் வந்து எடுத்துக்கிறேன். இப்ப எனக்கு ஊத்து. கிளாஸ்ல."

கட்ரியோனா தாராளமாகவே ஊற்றினாள். இஷ்பெல் முகர்ந்தாள், ஒரு வாய் குடித்தாள், கண்ணை மூடினாள், திறந்தாள்.

"ஆரஞ்சுத் தோல் வாசனைன்னு சொன்னியே, பாவி! ஊரெல்லாம் அதையே சொல்லிக்கிட்டுத் திரியுறேன். எங்கடா ஆரஞ்சு?"

டூகல் காதைச் சொறிந்தான். "நான் ஆரஞ்சு மிட்டாய் கடிச்சுக்கிட்டே குடிப்பேன்."

அவள் சிரித்த சிரிப்பில் கிளாஸ் தளும்பியது. அதன்பின் பழைய ரயில் பாதையில், தூறலில், மூன்று மைல் நடந்தே அடுத்த ஆலைக்குப் போனார்கள். சூப் சாப்பிட்டாள். இரண்டாவது கிளாஸில் உப்பும் தேனும் இருப்பதை யாரும் சொல்லாமல் தானே கண்டுபிடித்தாள். அந்தச் சந்தோஷத்தில் டூகலை மன்னித்தும் விட்டாள், முக்கால்வாசி.

ஐந்து மணிப் பேருந்து ஆலை வாசலிலேயே வந்து நின்றது. ஓட்டி வந்தவள் நாற்பது வயதுக்காரி, காலையிலிருந்து மழையைத் துடைத்துத் துடைத்துச் சலித்த முகம். உள்ளே ஏறிய பயணிகள் எல்லோர் மேலும் விஸ்கி மணத்தது. சீட்டு வாங்கக் கோட்டுப் பைக்குள் கைவிட்ட இஷ்பெலுக்கு அந்தக் குப்பி தட்டுப்பட்டது. அதை எடுத்து ஓட்டுநரின் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"இது உனக்கு. வீட்டுக்குப் போய், காலைல வண்டி எடுக்காத நாளாப் பார்த்துத் திற. புருஷன் கேட்டா கொடுக்காத. நீயே குடி."