அண்ணி கிழிக்காத பைகள்

என் அண்ணிக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். அவள் வைத்திருக்கும் துணி வெட்டும் கத்தரிக்கோலை நான் தொடக்கூடாது. நான் மட்டுமா? என் அண்ணன் ஒருநாள் அதில் காகிதம் வெட்டிவிட்டு, மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் சாப்பிட்டான். "காகிதம் பட்டா முனை போச்சு. அப்புறம் துணியை வெட்டாது, கடிக்கும்" என்பாள். நான் அவள் தையல் கடையில் பொத்தான் தைக்கிறவள். நூலைக்கூடப் பல்லால்தான் கடித்துக்கொள்ள வேண்டும்.

கடை மேற்குப் பார்த்தது. பகல் இரண்டு மணிக்கு மேல் வெயில் நேராக மெஷின் மேல் வந்து உட்காரும். பேருந்து போகிற அந்தத் தெருவில் பேருக்குக்கூட ஒரு மரம் கிடையாது. அண்ணி ஒருநாள் தையலைப் பாதியில் விட்டு எழுந்தாள். தபால்காரர், மருந்துக் கடைக்காரம்மா, இன்னும் நாலைந்து பேரைச் சேர்த்தாள். நகராட்சியில் நடையாய் நடந்து நடைபாதையில் குழி தோண்ட அனுமதி வாங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருபத்திரண்டு கன்று நட்டோம்.

கன்றுகள் கறுப்பு பிளாஸ்டிக் பைகளில் வந்திருந்தன. தபால்காரர் ஒன்றைக் கிழிக்கப் போனார். அண்ணி பாய்ந்தாள். "கிழிக்காதீங்க அண்ணே! தையல் பிரிஞ்சா துணி என்ன ஆகும்? அப்படித்தான் மண்ணும் உதிர்ந்துடும். அடியில நாலு ஓட்டை போடுங்க, வேர் தானா வெளிய வந்துக்கும்." அவள் குரலுக்கு எதிர்க்குரல் ஏது? அப்படியே நட்டோம்.

ஒன்றரை வருஷம் தண்ணீர் ஊற்றினோம். கன்றுகள் முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை. அண்ணிக்குக் கோபம் தலைக்கேறியது. தண்ணீர் ஊற்றாத வீடுகளைத் திட்டினாள். எதிர்க்கடை பைக் மெக்கானிக்கை, கழிவு எண்ணெயைக் கன்றில் கொட்டுகிறான் என்று தெருவே கேட்கும்படி கிழிகிழியென்று கிழித்தாள். பாவம், அந்த ஆள் தன் குடிதண்ணீரில் பாதியை அதற்கு ஊற்றிக்கொண்டிருந்தான். எனக்குத் தெரியும். சொன்னால் என்னையும் சேர்த்துத்தானே திட்டுவாள்?

ஒரு வெள்ளிக்கிழமை நகராட்சி இன்ஜினியர் வந்தார். "இந்த மண்ணுல மரம் வராதும்மா. திங்கட்கிழமை குழியெல்லாம் சிமெண்ட் போட்டு மூடிடறோம்" என்றார். அண்ணி அன்று சாப்பிடவில்லை. குழி மூடினால் அந்தத் தெருவுக்கு இனி எப்போதும் நிழல் இல்லை.

மறுநாள் காலை மெக்கானிக் பின்பக்கமாகத் தள்ளிய பைக் ஒன்று ஒரு கன்றில் இடித்தது. கன்று முழுசாக வெளியே வந்து விழுந்தது. அண்ணி ஊசியோடு ஓடினாள்.

"திட்டறதுக்கு முன்னாடி இதைக் கொஞ்சம் பாருங்க அக்கா" என்று அவன் கன்றைத் தூக்கிக் காட்டினான்.

பை அப்படியே இருந்தது. நாலு ஓட்டையிலும் நாலு வேர் எட்டிப் பார்த்து நின்றுவிட்டது. மற்றதெல்லாம் உள்ளேயே சுற்றிச் சுற்றி, மெஷின் பாபினில் சிக்கிய நூல்போல இறுகிக் கிடந்தது. அண்ணி குனிந்து அந்த வேரை விரலால் நெருடிப் பார்த்தாள்.

"தப்பு என்னோடது" என்றாள், நடுரோட்டில், எல்லார் காதிலும் விழும்படி. "உங்களை வாய்க்கு வந்தபடி பேசிட்டேன் தம்பி. மன்னிச்சிடுங்க."

"அதை விடுங்க அக்கா. இன்னும் இருபத்தொண்ணு இருக்கு" என்றான் அவன்.

அண்ணி கடைக்குள் போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். ஐயோ, எனக்குப் பதறிவிட்டது. "அண்ணி, அது துணிக் கத்தரி!"

"தெரியும். புடி" என்று என் கையில் வைத்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இரண்டு நாள் தெருவே மண்ணில் கிடந்தது. தபால்காரர் கடப்பாரை போட்டார். மெக்கானிக் கன்றைத் தூக்கிப் பிடிப்பான், நான் பையை வெட்டுவேன். அண்ணி சுற்றிக்கொண்ட வேரைப் பிரித்து, வளைந்ததை நறுக்கித் திரும்ப நடுவாள். திட்டு வாங்கிய வீடுகளிலிருந்தும் குடம் குடமாகத் தண்ணீர் வந்தது.

திங்கட்கிழமை சிமெண்ட் லாரியோடு இன்ஜினியர் இறங்கினார். அண்ணி இருபத்திரண்டு கிழிந்த பைகளையும் அவர் கையில் கொடுத்தாள்.

"மண்ணு மேல பழி போடாதீங்க சார். நான் பண்ணின வேலை இது. மூணு மாசம் குடுங்க. வரலைன்னா சிமெண்ட்டை நானே கலந்து தர்றேன்."

அவர் பைகளைப் புரட்டிப் பார்த்தார். லாரியைத் திருப்பி அனுப்பினார்.

இரண்டு கன்று பட்டுப்போனது. இருபது கன்று தளிர்விட்டது. மூன்றாம் மாசம் அவர் வந்து ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு, பக்கத்துத் தெருவுக்கும் அண்ணியையே கூப்பிட்டார். இப்போது எந்தத் தெருவில் நட்டாலும் கிழித்த பைகளை அண்ணி கையில் ஒப்படைக்காமல் ஒருத்தரும் வீட்டுக்குப் போக முடியாது. ஒரு பை குறைந்தாலும் எல்லாக் குழியையும் தோண்டச் சொல்வாள், மகராசி.

எட்டு வருஷமாகிவிட்டது. மரங்கள் மாடி ஜன்னலைத் தொடுகின்றன. பழைய கத்தரிக்கோல் முனை மழுங்கி ஆணியில் தொங்குகிறது. புதுசை நான் தொடக்கூடாது. நேற்று பகல் மூன்று மணிக்கு அண்ணி விளக்கைப் போட்டுக்கொண்டே முணுமுணுத்தாள். "என்ன கண்றாவி இது, பட்டப்பகல்ல ஊசியில நூல் கோக்க முடியல. ஒரே இருட்டு!"

"எந்தப் புண்ணியவதி இந்த மரத்தையெல்லாம் நட்டாளோ?" என்றேன்.

"நான்தான்டி!" என்று போட்டாள் ஒரு சத்தம். எதிர்க்கடையில் மெக்கானிக் ஸ்பேனரைப் போட்டுவிட்டுக் கைதட்டினான்.