விசா ஊற்று

அந்த ஊற்றுக்குக் கதை கட்டிய பொய்யன் நான்தான். போன சனிக்கிழமை சிட்னியில், மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில், முன்பின் தெரியாத ஒரு பெண் என் கையில் போத்தலைத் திணித்தாள். "விசா ஊத்துத் தண்ணி, அங்கிள். குடியுங்கோ." மறுக்கத் துணிவில்லாமல் குடித்தேன். பாசி மணம் வருமென்று பார்த்தேன். பிளாஸ்டிக் மணம்தான் வந்தது.

நில அளவையாளனாக இருந்த காலத்தில், சிட்னிக்கு வடக்கே மலைமேல் உள்ள, பீச் என்னும் குளிர்நில மரங்களின் காட்டில் மாதக்கணக்காக அலைந்திருக்கிறேன். முறுக்கிய முது மரங்கள். வேரிலிருந்து கிளைவரை பாசி. என் சப்பாத்தில்கூட முளைத்துவிடுமோ என்று பயம். பாசி மூடிய ஒரு பாறையடியில் அந்த ஊற்று. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கையால் அள்ளிக் குடிப்பேன். அந்த மண்ணின் ஆதிக்குடிகள் அதற்கு என்ன பெயர் வைத்திருந்தார்களோ, நான் கேட்டதில்லை. கேட்காமலே அவர்கள் பெயரில் பொய் சொன்னேன்.

பக்கத்து வீட்டு மலர் அக்காவின் மகன் அப்போது விசா கிடைக்காமல் வில்லாவுட் தடுப்பு முகாமில் இருந்தான். அக்கா எங்கள் குசினிக் கதிரையில் இருந்து அழுவார். தேற்றத் தெரியாத நான் ஒருநாள் உளறினேன்.

"காட்டுக்குள்ள ஒரு ஊத்து இருக்கு அக்கா. கல்லுக்குக் குங்குமம் வைச்சுக் குடிச்சா அடைபட்ட ஆள் வெளியில வரும். அங்கத்தைய பழஞ்சனம் சொல்லுது."

"மெய்யே தம்பி?"

"ஓம்."

கூட்டிக்கொண்டும் போனேன். அடுத்த மாதம் மகன் விசாவோடு வெளியே வந்துவிட்டான். இரண்டு வருடம் உழைத்தவர் வழக்கறிஞர், பெயர் ஊற்றுக்கு. பிறகு வான் வானாகச் சனம். பாறையில் குங்குமம், கற்பூரக் கரி, பிழிந்த தேசிக்காய்.

அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். சிரித்தார். "உனக்கென்னடா தெரியும்? உன்ர வாயால முருகன் சொன்னது." கோயிலிலும் சொல்லிப் பார்த்தேன். தன்னடக்கம் என்றார்கள்.

கடைசியில் வாளியும் தூரிகையுமாக நானே போய், முழங்காலில் நின்று கல்லில் இருந்த குங்குமத்தைத் தேய்த்தேன். தண்ணீர் எடுக்க வந்த ஒரு பெடிச்சி பக்கத்தில் முழங்காலிட்டாள்.

"எத்தினை தரம் தேய்க்கவேணும், அங்கிள்?"

"ஒருதரமும் வேண்டாம், பிள்ளை. இது சும்மா கல்லு."

அவள் தேய்க்கத் தொடங்கியிருந்தாள்.

போன சனிக்கிழமை கோயிலில் அந்தப் பெண்ணிடம் போத்தலைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டேன், அந்தப் பாறையில் இன்னும் பாசி இருக்கிறதா என்று.

"எந்தப் பாசி, அங்கிள்? மூண்டு தரம் வடிவாத் தேய்ச்சுப்போட்டுத்தான் தண்ணி எடுத்தனாங்கள்."