தம்பிக்குப் போட்டுக் கொடுத்த லினக்ஸ்

பார்வை போன பிறகு என் தம்பிக்குத் துணையாக இருந்தது ஒரு பழைய லேப்டாப். திரையில் இருப்பதை அது பெண்குரலில் வாய்விட்டுத் தமிழில் வாசிக்கும். துறைமுகத்தில் வேலை பார்த்தவன். எந்தக் கப்பல் வந்திருக்கிறது என்று அதில் செய்தி கேட்காமல் அவனுக்குக் காலைக் காப்பி இறங்காது.

லேப்டாப் மெதுவானபோது, விண்டோஸை எடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் இயங்குதளமான லினக்ஸைப் போட்டுத் தருகிறேன் என்றேன். அது தெரியும் என்பதில் எனக்குப் பெருமை.

“அந்தப் பொம்பளக் குரல் வருமா அண்ணே? எனக்கு ரெண்டாந்தாரம்லா அவ!” என்றான். உள்ளேயிருந்து அவன் மனைவி சிரித்தாள்.

“எல்லாம் வரும்லே, சும்மா இரு.”

லினக்ஸைப் பென்டிரைவில் இறக்கிக் கொண்டுபோயிருந்தேன். நிறுவாமலேயே அதிலிருந்து ஓட்டிப் பார்த்திருக்கலாம். பழையதை அழிக்காமல் பக்கத்திலேயே புதியதைப் போட்டிருக்கலாம். அரைகுறை வேலை எதற்கு என்று, அவனைக் கேட்காமல் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போட்டேன். லேப்டாப் வேகமானது. புதிய குரல் மட்டும் கரகரத்தது. “பழகிரும்” என்றேன்.

பிறகு பார்க்கும்போதெல்லாம் விசாரிப்பேன். “ஜோரா ஓடுது அண்ணே” என்பான்.

அவனை அடக்கம் செய்த மறுவாரம் அவன் மனைவி சொன்னாள்: “அத்தான், அந்தக் குரல் சொல்லுதது அவுகளுக்கு ஒண்ணும் வெளங்கல. அன்னைக்கே மூடி வச்சிட்டாக. ‘அண்ணன் ஆசையாப் போட்டுத் தந்துருக்கு, சொல்லிராத’ன்னுட்டாக.”

கடைசிவரை அவன் செய்தி கேட்காமலே இருந்திருக்கிறான். நான் அடுத்த தெருவில்தான் இருந்தேன். காலையில் போய் நானே பேப்பரை வாசித்துக் காட்டியிருக்கலாம். என் குரல் அவனுக்கு விளங்கியிருக்கும்.