வெறும் தண்ணிதான் சார்

எழுபதுகளின் நடுவில், மதுவிலக்கு மறுபடி வந்திருந்த நேரம். நான் செங்கல்பட்டில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்த்தேன். திருப்போரூருக்குக் கிழக்கே, மாதாகோயில் பூசைக்கு மட்டும் ஒயின் தயாரிக்க அனுமதி வாங்கிய சின்னக் கம்பெனி இருந்தது. பீப்பாய் கழுவிய நீரும் திராட்சைச் சக்கையும் வாய்க்கால் வழியே உப்பங்கழியில் கலந்தன. இறால் செத்து மிதக்கிறது என்று குப்பத்து ஆட்கள் புகார் கொடுத்ததால், அளந்து வர என்னை அனுப்பினார்கள்.

முழங்கால் சேற்றில் நின்று பாட்டில்களில் தண்ணீர் பிடித்தேன். மருந்து விட்டால், நீரில் காற்று இருக்கும்போது படிவு பழுப்பாக விழும், இல்லாவிட்டால் வெள்ளை. எல்லாமே வெள்ளை. இறால் மூச்சுவிட அங்கே ஒன்றுமில்லை. ஆனால் மூடியைத் திறந்தால் வெளிக்காற்று பட்டு வெள்ளையும் பழுப்பாகிவிடும். அப்புறம் கழியில் குறையே இல்லை என்றாகிவிடும். மெழுகு வைத்து அடைத்து பஸ் ஏறினேன்.

சோதனைச்சாவடியில் ஒரு போலீஸ்காரர் ஏறினார். என் பையில் புளித்த வாடை.

“இன்னா கீது உள்ள?”

“தண்ணி சார்.”

பஸ்ஸே சிரித்தது. மதுவிலக்கு காலத்தில் போலீஸிடம் தானாக இப்படி மாட்டிக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். “வெறும் தண்ணிதான் சார்” என்று திருத்தினேன். சிரிப்பு கூடியது. அவர் ஒரு பாட்டிலை எடுத்து மெழுகை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார்.

பின்சீட்டிலிருந்து ஒரு மீன்கார அம்மா எழுந்து வந்தார். காலையில் கழிக்கரையில் என்னிடம் எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டவர்.

“ஏட்டய்யா, அத்த தொறந்தா எங்க பொயப்பு போச்சு. எங்க எறால சாவடிச்ச தண்ணி அது. மோந்து பாக்கணும்னா இத்த பாரு.” என் காலடியில், கழியில் மொண்ட மீதித் தண்ணீர் இருந்த டின்னைத் தூக்கி ஏட்டின் மூக்கருகே நீட்டினார். “சரக்குனு தோணிச்சுனா ஒரு வாய் ஊத்திக்கோ!”

டின்னில் செத்த இறால் ஒன்று மிதந்தது. போலீஸ்காரர் முகத்தைச் சுளித்து, பாட்டிலை என் மடியில் வைத்துவிட்டு இறங்கிப்போனார்.

கம்பெனிக்காரரும் நல்ல மனிதர். வெள்ளைப் படிவைப் பார்த்ததும் வாதாடவில்லை. கழிவைத் தேக்கக் குழி வெட்டினார், சக்கையை எருவுக்குக் கொடுத்தார். அவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

மழைக்காலம் முடிந்து மறுபடி அளக்கப் போனேன். படிவு பழுப்பாக விழுந்தது. கரையில் நின்ற அந்த அம்மாவிடம் பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். அவர் பதிலுக்கு என் காலி டிபன் பாக்ஸைப் பிடுங்கி, கை நிறைய இறாலை அள்ளிப் போட்டார்.

“வூட்ல கொயம்பு வெக்கச் சொல்லு.”

நாங்கள் சுத்த சைவம். ஆனாலும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். உள்ளே அவை துள்ளிக்கொண்டிருந்தன.