இம்பாலா வேணும், டிரைவரும் வேணும்

"வண்டி புடிச்சிருக்கு பாய். ஆனா டிரைவரையும் சேத்துப் பேசி முடிங்க. அவர் வரலன்னா எனக்கு வண்டியே வேணாம்" என்று சொல்லிவிட்டு, சம்பந்தம் டீக்குச் சொன்னார்.

எனக்கு வாயெல்லாம் பல். பேச்சு டிரைவர்வரைக்கும் வந்துவிட்டால் வியாபாரம் முடிந்த மாதிரிதான் என்பது எங்கள் தொழில் அனுபவம். அந்த ஒரு வார்த்தை என்னைக் கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில் பஸ் பஸ்ஸாக அலையவைக்கும் என்று அப்போது தெரியவில்லை.

எழுபதுகளின் கடைசியில் நான் திருவண்ணாமலையில், திண்டிவனம் ரோட்டில் ஒரு மெக்கானிக் ஷெட் வைத்திருந்தேன். கூடவே பழைய கார் புரோக்கர் வேலையும் பார்த்தேன். ஊருக்கே நான் பாய். சொந்தப் பெயரைச் சொன்னால் போஸ்ட்மேனுக்கே சந்தேகம் வந்துவிடும். இப்போது பழைய சொகுசுக் காரும் பெரிய எஸ்.யூ.வி.யும் வாங்குகிற தம்பிகள் என்னிடம் யோசனை கேட்க வருகிறார்கள். எத்தனையாவது ஓனர், எவ்வளவு ஓடியிருக்கிறது, ஏ.சி. எப்படி என்று எல்லாவற்றையும் போனிலேயே பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதனால் அவர்களுக்கு நான் சொல்வது ஒரே ஒரு யோசனைதான். அதை எங்கே கற்றேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1. காரோடு டிரைவர்

அன்று எங்கள் பக்கத்தில் சொகுசுக் கார் என்றால் வெளிநாட்டுக் கார்தான். மெட்ராஸில் யாராவது பெரிய மனுஷர் புதுசாக வாங்கியிருப்பார். அவர் கையிலிருந்து இன்னொருவர், அவரிடமிருந்து ஒரு மில்லுக்காரர் என்று கை மாறி மாறி நம் ஊருக்கு வரும். எந்த இம்பாலாவாக இருந்தாலும் அதில் ஒரு சினிமா நடிகர் உட்கார்ந்திருந்தார் என்று புரோக்கர் சொல்லியாக வேண்டும். நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். நாங்கள் சொன்னதெல்லாம் உண்மையென்றால் அந்த நடிகர்களுக்கு நடிக்க நேரமே கிடைத்திருக்காது.

இந்தக் கார்களை எல்லோராலும் ஓட்ட முடியாது. பலதும் இடதுபக்க ஸ்டியரிங். கியரும் நம்ம ஊர் வண்டி மாதிரி இடது கைக்கு வராது, வலது கைப்பக்கம் இருக்கும். நீளமோ நம்ம ஊர் சந்துக்குள் அடங்காது. அம்பாசிடர் ஓட்டிப் பழகினவர் ஏறினால் காம்பவுண்டுச் சுவர் போய்விடும். அதனால் ஒரு வழக்கம் இருந்தது. வெளிநாட்டுக் கார் கை மாறினால் அதன் டிரைவரும் கூடவே போய்விடுவார். வாங்குகிறவருக்குக் கவலை இல்லை, டிரைவருக்கு வேலை போகாது, புரோக்கருக்கோ பின்னால் பஞ்சாயத்து வராது. இதைவிட நல்ல ஏற்பாடு உலகத்தில் இல்லை என்று நான் நம்பியிருந்தேன்.

சம்பந்தம் கல்யாணங்களுக்குப் பூ அலங்காரம் செய்கிறவர். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்கு விட ஒரு பெரிய கார் வேண்டும் என்று என்னை நச்சரித்துக்கொண்டிருந்தார். பெட்ரோல் விலை ஏறின பிறகு பெரிய கார் வைத்திருந்தவர்கள் எல்லோரும் தள்ளிவிடப் பார்த்தார்கள். அப்படிக் காதில் விழுந்ததுதான் கீழ்பென்னாத்தூர் ரெட்டியார் வீட்டு வெள்ளை இம்பாலா.

2. தூசி இல்லாத சீட்

சம்பந்தத்தைக் கூட்டிப் போவதற்கு முன்பு நான் மட்டும் போய் வண்டியைப் பார்த்தேன். ரெட்டியார் அரிசி மில் வைத்திருந்தவர். மில்லைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அதே காம்பவுண்டில் ஒரு வீட்டில் தனியாக இருந்தார். வீட்டம்மா தவறிவிட்டார், மகன் பம்பாயில். ரெட்டியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவார்.

வண்டி புங்கமரத்தடியில் நின்றது. டயரைச் சுற்றிப் புல் முளைத்திருந்தது. டயரின் அடிப்பக்கம் நின்று நின்று தட்டையாகியிருந்தது. பல மாதமாக ஓடாத வண்டி என்று பார்த்ததுமே தெரிந்தது. கதவைத் திறந்தால் கணக்கு இடித்தது. ஓடாத வண்டியில் ஒரு விரல் கனத்துக்குத் தூசி இருக்கும், எலி குட்டி போட்டிருக்கும். இங்கே சீட்டில் பொட்டுத் தூசி இல்லை. பின்சீட்டின் வலது மூலை மட்டும் ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து பள்ளமாக இருந்தது. பக்கத்தில் புத்தம்புதுசாக அன்றைய பேப்பர் கிடந்தது.

"இதுல யாரு ஒக்கார்றது?" என்று டிரைவர் முனுசாமியைக் கேட்டேன்.

"மொதலாளிதான். தெனம் காலையில வந்து ஒக்காருவாரு. நான் முன்னால ஒக்காந்து பேப்பர் படிப்பேன். முழுசும் கேட்டுட்டு எறங்கிப் போயிடுவாரு" என்றார் முனுசாமி.

"வண்டி எங்கயும் போவாதா?"

"பெட்ரோல் விக்கிற வெலைக்கு எங்க போறது பாய்?"

நான் சிரித்துவிட்டேன். முனுசாமி சிரிக்கவில்லை. ஒரு துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளவென்று இருந்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். ஊருக்குத் திரும்பியதும் சம்பந்தத்திடம், "ராஜா மாதிரி வெச்சிருக்காங்க" என்று சொன்னேன். நடிகர் உட்கார்ந்த கதையையும் விடவில்லை.

3. ஆளுக்கொரு ரகசியம்

சம்பந்தம் வந்து பார்த்துவிட்டுத்தான் டிரைவரையும் சேர்த்துக் கேட்டார். மறுநாள் அதைச் சொல்லக் கீழ்பென்னாத்தூர் போனேன். ரெட்டியார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பேசி முடித்துத் திரும்பும்போது முனுசாமி பஸ் ஸ்டாண்டுவரைக்கும் கூடவே நடந்து வந்தார்.

"பாய், வண்டிய நல்ல வெலைக்கு முடிச்சுக் குடுங்க. ஆனா நான் போவமாட்டேன். மொதலாளி கிட்ட சொல்லாதீங்க. எனக்கு ஒடம்பு சரியில்லன்னோ, வேற வேலை கெடச்சிட்டுதுன்னோ, எதையாச்சும் அந்தப் பூக்காரர் கிட்ட சொல்லிச் சமாளிங்க" என்றார்.

"இன்னா முனுசாமி, நல்ல எடம். டவுன்ல இருக்கலாம்."

"நான் போயிட்டா அவருக்கு யாரு பேப்பர் படிக்கிறது?"

பஸ் வந்ததும் ஏறி உட்கார்ந்துகொண்டேன். யோசித்துக்கொண்டே வந்ததில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

முனுசாமி இல்லாத நேரமாகப் பார்த்து ரெட்டியாரிடம் போய், டிரைவர் இல்லாமல் கொடுக்கலாமா என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"பாய், பெட்ரோல் வெலைக்காகவா இந்த வண்டிய விக்கிறேன்? நிறுத்தி வெச்ச வண்டிக்கு ஏது செலவு? முனுசாமிய போவச் சொன்னா போவமாட்டேன்றான். நல்ல கைகாரன். கல்யாண ஊர்வலம், நாலு ஊருன்னு ஓட்டுனா சந்தோஷமா இருப்பான். இங்க ஒரு குருட்டுக் கெழவனோட சேந்து அவனும் மரத்தடியில நின்னுக்கினு இருக்கான். வண்டிய வித்தா டிரைவர் கூடப் போவணும். அதான வழக்கம்? அதுக்குத்தான் விக்கிறேன். அவன் போவலன்னா வண்டியும் போவாது. அவன் கிட்ட சொல்லிடாதீங்க."

அந்த மனுஷருக்கு அந்தக் கார் உயிர். சீட்டின் பள்ளமே சொன்னது. முனுசாமியை விட்டால் பேச்சுத்துணைக்கும் ஆள் கிடையாது. இரண்டையும் ஒரே நாளில் தானாகவே விட்டுக்கொடுக்கப் பார்க்கிறார். அவரை விட்டுப் போகாமல் இருக்க முனுசாமி நல்ல வேலையை விட்டுக்கொடுக்கப் பார்க்கிறார். நடுவில் நான் ஒருத்தன், இரண்டு பக்கமும் மண்டையை ஆட்டிவிட்டு நிற்கிறேன். வியாபாரத்தை நடத்தினாலும் பாவம், நிறுத்தினாலும் பாவம் என்று ஆகிவிட்டது.

வீட்டுக்காரியிடம் சொன்னேன். "ரெண்டு பேரும் ஒங்க கிட்ட சொன்னத அவங்களே ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டா முடிஞ்சிபோச்சு. நீங்க எதுக்கு மூட்டை தூக்குறீங்க?" என்றாள். விற்கிறவர் பக்கத்து ரகசியத்தை வெளியே விடக்கூடாது என்பது புரோக்கர் தொழிலின் முதல் பாடம் என்று அவளுக்கு விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டே அரிசி களையப் போய்விட்டாள்.

4. முன்சீட்டில் நான்

மறுநாள் காலை பேப்பர் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ரெட்டியார் பின்சீட்டில் தன் மூலையில் இருந்தார். முனுசாமி இடது பக்கம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் பேப்பரை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். நான் முன்கதவைத் திறந்து முனுசாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று பேரும் மில் கேட்டைப் பார்த்தபடி இருந்தோம். யார் முகத்தையும் யாரும் பார்க்க வேண்டியதில்லை. அதனால்தான் எனக்குத் தைரியம் வந்தது.

"மொதலாளி, முனுசாமி வண்டியோட போவமாட்டேன்றாரு. அவரு போனாதான் வண்டின்னு நீங்க சொல்றீங்க. ரெண்டு பேருக்கும் சரின்னு சொல்லிட்டு நான் முழிக்கிறேன்."

முனுசாமி பேப்பரை மடித்தார்.

"இத்த உங்க கிட்ட மட்டும்தான பாய் சொன்னேன்" என்றார் ரெட்டியார்.

"அவரும் என் கிட்ட மட்டும்தான் சொன்னாரு."

ரெட்டியார் முன்னால் குனிந்து முனுசாமியின் தோளைத் தேடித் தொட்டார். "வண்டி போனப்புறம் இங்க வந்து இன்னாடா பண்ணுவ?"

"இப்ப மட்டும் வண்டியா ஓட்டுறேன்? பேப்பர்தான படிக்கிறேன். அத்த வண்டி இல்லாமயும் படிக்கலாம்."

"வேலை?"

"மல்லாட்ட மண்டியில கடலை மூட்டை ஏத்துற வேனுக்கு ஆள் கேக்குறாங்க. காலையில இங்க வந்துட்டு அப்பறம் போறேன்."

"நீ நல்லா இருக்கணும்னுதான்டா அனுப்புறேன்."

"தெரியும் மொதலாளி. நான் நல்லாத்தான் இருக்கேன்."

கண்ணாடியில் பார்த்தேன். ரெட்டியார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். புரை என்று சொல்லிக்கொள்ள அவருக்கு வசதி இருந்தது. எனக்கு அதுவும் இல்லை. வெளியே பார்க்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

"வண்டியாச்சும் நாலு ஊரு ஓடட்டும், குடுத்துடலாம் பாய். டேய், எங்க விட்ட? மழை வருதான்னு போட்டிருந்தானே, அத்தப் படி" என்றார் ரெட்டியார். முனுசாமி பேப்பரை விரித்துப் படித்தார். மழை வரும் என்றுதான் போட்டிருந்தது.

5. ஏரிக்குள் இம்பாலா

சம்பந்தத்திடம் உள்ளது உள்ளபடி சொன்னேன். சிறிது நேரம் தாடையைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நானே கத்துக்கிறேன்" என்றார். தண்ணீர் வற்றிய ஏரிக்குள் இம்பாலாவை இறக்கி, முனுசாமி அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அம்பாசிடர் ஓட்டிப் பழகிய சம்பந்தத்தின் இடது கை கியரைத் தேடிப் போகும், அங்கே அது இருக்காது. வண்டியைத் திருப்பும்போது சிக்னல் போட நினைத்து வைப்பரைப் போட்டுவிடுவார். ரெட்டியார் தினமும் கூடவே பின்சீட்டில் ஏறிக்கொண்டார். கண் தெரியாததால் அவருக்கு மட்டும் பயமே இல்லை. பல மாதத்துக்குப் பிறகு வண்டி ஓடுகிறதே என்று குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

முதல் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முனுசாமியும் வந்திருந்தார். மேளம் முன்னால் போக, பூப்பந்தல் மாதிரி ஜோடித்த இம்பாலா தேரடி வீதியில் ஊர்ந்து போனது. சம்பந்தம் வேர்க்க விறுவிறுக்க ஓட்டினார். முனுசாமி பானெட்டில் ஒரு கையை வைத்தபடி பக்கத்திலேயே நடந்து வந்தார். அதற்கப்புறம் சம்பந்தம் துணைக்கு யாரையும் கூப்பிடாமல் தானே ஓட்டிக்கொண்டார்.

6. மரத்தடியில்

வேலூர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியின் பெயர் மாற்றும் வேலையெல்லாம் முடிய நாளாகிவிட்டது. முடிந்ததைச் சொல்லிவிட்டு வரலாம் என்று ஒரு நாள் காலையில் கீழ்பென்னாத்தூர் போனேன். மனசு கனமாகத்தான் இருந்தது. கார் நின்ற இடம் வெறும் இடமாகக் கிடக்கும், அதை எப்படிப் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டே கேட்டைத் தாண்டினேன்.

புங்கமரத்தடியில் இரண்டு மர நாற்காலிகள் இருந்தன. ஒன்று முன்னால் இடது பக்கம். அதில் முனுசாமி. இன்னொன்று பின்னால் வலது பக்கம், ஓர் ஆள் கால் நீட்டுகிற தூரம் விட்டு. அதில் ரெட்டியார். இரண்டு பேரும் மில் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முனுசாமி ரெட்டியாருக்கு முதுகைக் காட்டியபடி சத்தமாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கார் ஒன்றுதான் அங்கே இல்லை.

"இன்னா முனுசாமி, எதிரெதிர்ல ஒக்காந்து படிக்கலாமே?" என்றேன்.

"மொதல்ல அப்படித்தான் போட்டுப் பாத்தோம் பாய். ரெண்டு பேருக்குமே ஒத்து வரல. மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கினு இருந்தா எனக்குப் படிக்க வரல, அவருக்குக் கேக்க வரல."

ரெட்டியார் என் குரலைக் கண்டுபிடித்துவிட்டார். "பாய்க்கும் ஒரு சேர் கொண்டாந்து முன்னால போடு" என்றார்.

முனுசாமி உள்ளே போய் நாற்காலி கொண்டுவந்து தனக்கு வலது பக்கத்தில் போட்டார். நான் உட்கார்ந்தேன். பேப்பர் முழுவதும் கேட்டுவிட்டுத்தான் எழுந்தேன்.

அதற்குப் பிறகு எண்பதுகள் முழுக்க நிறையக் கார்களை வாங்கி விற்றேன். எந்த வீட்டுக்குப் போனாலும் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால், "இந்த வண்டியில நீங்க யாரோட போவீங்க?" என்று கேட்டுவிடுவேன். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டால் எல்லோரும் பெட்ரோல் என்பார்கள், ரிப்பேர் என்பார்கள். இந்தக் கேள்விக்கு மட்டும் யாரும் பொய் சொன்னதில்லை. பலர் சாதாரணமாகப் பதில் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்தார்கள். சிலர் பதில் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தி, யோசித்துச் சொல்லுகிறேன் பாய் என்று சாவியை மறுபடி பையில் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு டீ குடித்துவிட்டுச் சந்தோஷமாகத்தான் வந்தேன். யோசனை கேட்டு வருகிற தம்பிகளுக்கும் அதையே சொல்கிறேன். விற்கிறவரிடம் முதலில் இதைக் கேளுங்கள், அவர் பதில் சொல்லி முடிக்கும்வரைக்கும் காத்திருங்கள்.