வெந்தயப் பாத்தியும் பக்கத்து வீட்டு ஆடுகளும்

என் மனைவி போட்டிருந்த வெந்தயப் பாத்தியை வேரோடு பிடுங்கி எறிந்தவன் நான்தான். பழியைப் பக்கத்து வீட்டு ஆடுகள் மேல் போட்டேன். அந்தப் பொய்யால் இரண்டு பெண்கள் ஏறக்குறைய ஒரு வருடம் பேசிக்கொள்ளவில்லை.

ஆரணியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூன்று பட்டுத் தறிகள் ஓடுகின்றன. நெய்பவர்கள் வேறு. பட்டு வாங்கிக் கொடுப்பதும், முடிந்த புடவையை மடித்துக் கடைக்கு அனுப்புவதும் என் வேலை. பின்பக்கம், கைபம்பின் தண்ணீர் வழிந்தோடும் இடத்தில் மனைவியின் பாத்தி இருந்தது. கார்த்திகை மழை விட்டதும் ஊறவைத்த வெந்தயத்தைத் தூவி மண்ணை லேசாகக் கிளறிவிடுவாள். முதல் விதை பக்கத்து வீட்டு அம்மாள் கொடுத்தது. கணவர் இறந்தபின் அவர் தனியாக இருந்தார்; இரண்டு ஆடுகள் வளர்த்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு படல்தான். மாலையில் இருவரும் அதன் இருபுறமும் உட்கார்ந்து கீரை ஆய்வார்கள்.

கூட்டுக்குப் போக மிஞ்சிய கீரையை மனைவி உலர்த்தி வைப்பாள். வெயில் பட்டால் நிறமும் மணமும் போய்விடும் என்று தறிக்கூடத்தில் கொடி கட்டித் தொங்கவிடுவாள். பட்டுக்கும் வெயில் ஆகாது என்பதால் அந்தக் கூடம் எப்போதும் நிழலாகவே இருக்கும். பாத்தியில் கடைசி இரண்டு வரிசையை மட்டும் கிள்ளாமல் விடுவாள். அது அடுத்த வருடத்துக்கான விதை.

அந்தத் தை மாதம் ஒரு முகூர்த்தப் புடவை திரும்பி வந்தது. கடைக்காரர் போனில் சொன்னார்: "புடவையைப் பிரிச்சா கொழம்பு வாசனை வருதுன்னு பொண்ணு வூட்டுல சொல்றாங்க சார்."

மனைவி அப்போது வெம்பாக்கத்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். கொடியில் இருந்த கீரையைக் குப்பையில் போட்டேன். கோபம் தீரவில்லை. பின்பக்கம் போய்ப் பாத்தியையே பிடுங்கினேன். விதைக்கு விட்ட செடிகளில் காய்கள் பச்சையாக இருந்தன. அதைப் பார்த்த பிறகும் நிறுத்தவில்லை.

திரும்பி வந்த மனைவி வெறும் மண்ணைப் பார்த்து நின்றாள். "இன்னாங்க ஆச்சு?"

"பக்கத்து வீட்டு ஆடு பூந்துடுச்சு," என்றேன்.

நேராகப் படலுக்குப் போனாள். "யக்கா, ஆட்டக் கட்டிப்போட மாட்டியா நீ? வெதைக்கு வுட்டதெல்லாம் தின்னுட்டு நிக்குது!"

அந்த அம்மாள் எட்டிப் பார்த்தார். "ஆடு மேஞ்சா தண்டு நிக்கும்டி. இங்க வேரே இல்ல. என் ஆடு வேரோட புடுங்கி, மண்ணத் தட்டி, கை கழுவிகினு வந்துச்சா?"

"அப்போ எங்க வூட்டுக்காரரு பொய் சொல்றாரா? எம்.ஏ. படிச்ச மனுஷன்!"

அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். நான் எதையோ தேடுவதுபோல் உள்ளே போய்விட்டேன்.

மாசியில் அவர் ஆடுகளை விற்றார். பிடித்துப்போக வந்தவரிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது: "நாளைக்கு ஆரு வூட்டுல இன்னா காணாம போனாலும் என் ஆடுதான்னுவாங்க. பேஜாரு எதுக்கு?"

பங்குனியில் இன்னொரு புடவை அதே வாசனையோடு திரும்பியது. வீட்டில் ஓர் இலைகூட இல்லை. தறியில் இருந்தவரிடம் காட்டினேன். புடவையை மோந்தார்; தயங்கியபடி என் பக்கம் குனிந்தும் மோந்தார். "சார், தப்பா நெனைக்காதீங்க. உங்க சட்டையில வர்ற வாசனைதான் இது."

சர்க்கரைக்காகத் தினமும் காலையில் ஊறிய வெந்தயத்தை மென்று தின்பவன் நான். வேர்வையிலும் அது வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. புடவையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துத்தான் மடிப்பேன். கீரையும் தப்பு செய்யவில்லை, ஆடும் செய்யவில்லை.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கார்த்திகை வந்ததும் மளிகைக் கடையில் வெந்தயம் வாங்கி நானே விதைத்தேன். நன்றாகத்தான் முளைத்தது. மனைவி அந்தப் பக்கமே போகவில்லை. "கீரை வந்தா போதுமா? யாரோட ஒக்காந்து ஆயறது?" என்றாள்.

பொங்கல் கழித்து ஒரு மாலை, மனைவியைப் படலருகே அழைத்துப் போய், அந்த அம்மாளையும் கூப்பிட்டேன். பிடுங்கியதையும், பொய்யையும், சட்டை வாசனையையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்ணா," என்றார் அவர். "இவதான் நம்பல."

மனைவி படலைத் திறந்துகொண்டு அந்தப் பக்கம் போய்விட்டாள். இருட்டிய பிறகுதான் திரும்பி வந்தாள். சோறு போட்டாள், பேச்சு இல்லை. அது பல நாள் நீடித்தது.

இரண்டு ஆடுகள் வாங்கித் தரட்டுமா என்று அந்த அம்மாளிடம் கேட்டேன். "வேணாம்ணா. உங்க வூட்டுல அடுத்தது இன்னா காணாம போவுமோ!" என்றார். மனைவி சிரித்துவிட்டாள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

அவரிடம் பழைய விதை ஒரு டப்பாவில் இருந்தது. இந்த வருடம் அதை, முன்பு ஆடுகளைக் கட்டியிருந்த இடத்தில், இருவருமாக விதைத்திருக்கிறார்கள். எருவேறிய மண், செடி செழிப்பாக வந்திருக்கிறது. எங்கள் பக்கம் பாத்தி கிடையாது. புடவை மடிப்பதைத் தறிக்காரரிடம் விட்டுவிட்டேன். காலையில் வெந்தயம் வழக்கம்போல் ஊறியிருக்கிறது. அந்தப் பாத்திக்குத் தண்ணீர் சுமந்து ஊற்ற என்னை விடுகிறார்கள். கிள்ள மட்டும் விடுவதில்லை.