வரி வாங்காத இரண்டு காம்பராக்கள்

தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டதற்கு அடுத்த வருடம் நாங்கள் கரப்பந்து மைதானம் கட்டத் தொடங்கினோம். ஹாலிஎலவுக்கு மேலே இருந்த எங்கள் தோட்டத்தில் சமதரை என்று சொல்லத்தக்க இடங்கள் மூன்றே: கொழுந்து நிறுக்கும் கொட்டகை, கோயில் வாசல், இடிந்துபோன பழைய லயம் நின்ற திட்டு. முதல் இரண்டையும் கேட்க முடியாது. மூன்றாவதைத் தோட்டத்தை நிர்வகித்த துரை தந்தார். தந்த அன்றே, தோட்டக் கணக்கிலிருந்து ஒரு சதமும் கிடைக்காது என்றும் சொல்லிவிட்டார்.

திட்டின் கீழ்ப்பக்கம் பள்ளம். கல்லடுக்கிச் சிமெந்து பூசினால்தான் மழைக்கு நிற்கும். வலை கட்ட இரண்டு இரும்புக் குழாய்கள் வேண்டும். பிறகு வலை, பந்து. நான் அப்போது கணக்கப்பிள்ளை. காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பவன். கையெழுத்து நன்றாக இருந்ததால் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். தலைவர் பெரிய கங்காணி.

தொழிலாளர் குடியிருந்த லயங்களில், குடும்பத்துக்கு ஓர் அறையாக, மொத்தம் அறுபத்திரண்டு காம்பராக்கள். திருவிழாவுக்குப் போடுவதைப் போலவே காம்பராவுக்கு இவ்வளவு என்று வரி போட்டோம். வரி கொடுத்த வீட்டு ஆண்கள் மைதானத்தில் இறங்கலாம். அதுவும் திருவிழா முறைதான். வரி கொடுத்தவன்தான் சாமி வரும் சப்பறத்துக்குத் தோள் கொடுக்கலாம்.

கடைசி லயத்தின் கடைசி இரண்டு காம்பராக்களில் வாசல்கூட்டிகள் இருந்தார்கள். தோட்டத்துக் கக்கூஸ் வாளிகளை எடுப்பவர்கள். திருவிழாவுக்கு அவர்களிடம் வரி வாங்குவதில்லை.

"சாமிக்கு வாங்காதத பந்துக்கு வாங்குறதா?" என்றார் பெரிய கங்காணி.

நான் அறுபது என்று எழுதினேன்.

அந்த இரண்டு காம்பராக்களில் ஒன்றில் ஒரு வயதான விதவை. மற்றதில் இருந்தவருக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பதுளையில் நகர சுத்தித் தொழிலாளரின் குடியிருப்பில் வளர்ந்து, அங்கேயே கரப்பந்து பழகியவர். கல்யாணம் கட்டி எங்கள் தோட்டத்துக்கு வந்திருந்தார். அவரைப் போல எம்பி அடிக்க எங்களில் ஒருவருக்கும் வராது. பெரியவர்கள் இல்லாதபோது பையன்கள் அவரைக் கூப்பிட்டுத் தேயிலை ஸ்டோருக்குப் பின்னால் ஆடுவார்கள். கங்காணியின் தலை தெரிந்தால் அவரை அறியாதவர்கள் மாதிரி விலகி நிற்பார்கள்.

சம்பளத்துக்கு மறுநாள் அவர் என் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தார்.

"ஐயா, என் காம்பராவுக்கு வரி."

"உங்களுக்குப் போடலியே."

"போட்டுக்கங்க ஐயா. நானும் ஆடணும்ங்க."

"கங்காணியக் கேட்டுச் சொல்றேன்."

நான் கேட்கவில்லை. பதில் எனக்குத் தெரியும். அடுத்த மாதமும் வந்தார். மூன்றாம் மாதம் இரண்டு பங்கு பணத்தோடு வந்தார். மூன்று முறையும் அதே சொற்களைச் சொல்லி அனுப்பினேன்.

கல் சுமக்க மட்டும் அவரை யாரும் தடுக்கவில்லை. ஒரு ஞாயிறு அவர் முப்பத்தெட்டுக் கல் சுமந்ததாக என் நாட்குறிப்பில் இருக்கிறது. வேறு ஒருவரும் இருபதைத் தாண்டவில்லை.

"நல்லா இறுக்கி அடுக்குடா," என்றான் மேலே உட்கார்ந்திருந்த ஒருவன். "நாங்கல்லாம் குதிக்கணும்ல!"

"நீங்க குதிங்க, அது அசையாது," என்று சிரித்துக்கொண்டே அடுத்த கல்லுக்கு இறங்கினார்.

சுவர் முடிந்தபோது பணமும் முடிந்தது. குழாய்க்கு வழியில்லை. நானும் பெரிய கங்காணியும் பதுளைக்குப் போய் இரும்புக் கடை முதலாளியைப் பார்த்தோம். தாராளமான முஸ்லிம் மனிதர். ஆனால் அவருக்கும் ஒரு கொள்கை இருந்தது.

"தம்பி, தோட்டத்துல ஒரு ஊடு விடாம எல்லாரும் குடுத்திருந்தா ரெண்டு குழாயும் நான் சும்மா தாரேன். பாதிப் பேரு குடுத்து பாதிப் பேரு பாத்துக்கிட்டிருக்கிற வேலைக்கு நான் குடுக்க மாட்டேன். லிஸ்ட கொண்டாங்க."

திரும்பும் பஸ்ஸில் கங்காணி வழி கண்டுபிடித்துவிட்டார். அந்த இரண்டு காம்பராக்களின் வரியையும் தன் கையிலிருந்து அவரே கட்டினார்.

"பேர மட்டும் எழுதிக்கங்க, கணக்கப்புள்ள. அவனுககிட்டச் சொல்ல வேணாம்."

அறுபத்திரண்டு பெயர்களையும் கோடிட்ட தாளில் புதிதாக எழுதினேன். அடுத்த வாரம் குழாய்கள் வந்து இறங்கின.

திறப்பு நாளில் முதலாளிதான் விருந்தாளி. பக்கத்துத் தோட்டத்து அணியும் வந்திருந்தது. முதலாளி மாலையைக் கழற்றிவிட்டு என்னிடம் லிஸ்ட்டை வாங்கினார். கொடுத்தவர்களின் பெயர்களை அவரே படிக்கப் போவதாகவும், பெயர் கேட்டவர்கள் மைதானத்துக்குள் வந்து நிற்க வேண்டும் என்றும் சொன்னார். எங்கள் திட்டத்தில் இது இல்லை. கங்காணி என்னைப் பார்த்தார். நான் குழாயைப் பார்த்தேன்.

ஒவ்வொருவராக வந்து நின்றார்கள், கைதட்டல். விதவையின் பெயருக்கு யாரும் வரவில்லை. கடைசிப் பெயரைப் படித்ததும் கூட்டத்தின் பின்னாலிருந்து அவர் வந்தார். துவைத்த வெள்ளைப் பெனியன், முட்டிக்கு மேல் மடித்த காற்சட்டை. ஆட வந்திருந்தார். கோட்டைத் தாண்டி உள்ளே ஒரு காலை வைத்தார். கைதட்டல் நின்றது.

"எங்கடா வர்ற?" என்றார் கங்காணி.

"பேரு கூப்புட்டாங்க."

"கூப்புட்டா வந்துருவியா? காசு குடுத்தியாடா நீ?"

முதலாளிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "லிஸ்ட்ல இருக்கே," என்று என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்கதானே எழுதினது? இவரு குடுத்தாரா, இல்லியா?"

கோட்டில் கால் வைத்து நின்றவரும் என்னைப் பார்த்தார். முகத்தில் பயம் இல்லை. மூன்று முறை பணத்தோடு வந்ததற்கு நான்தான் சாட்சி.

"குடுக்கலீங்க முதலாளி," என்றேன்.

"அப்ப எப்படிப் பேரு வந்த?"

"தவறிடுச்சுங்க."

"வரிக்குப் பதிலா வாளி தாரேன்னு சொல்லியிருப்பான்!" என்று பையன்கள் நின்ற பக்கத்திலிருந்து ஒரு குரல். அவரோடு ஸ்டோருக்குப் பின்னால் ஆடியவர்களில் ஒருவன்தான். எல்லாரும் சிரித்தார்கள். விஷயம் தெரியாத முதலாளியும் சேர்ந்து சிரித்துவிட்டு, "குடுக்காம எப்படித் தம்பி விளையாடுற?" என்று அவரிடம் அன்பாகவே கேட்டார்.

"சரிங்க," என்று சொல்லிக் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

ஒரு வீடு குறைந்ததை முதலாளி பெரிதுபடுத்தவில்லை; லிஸ்ட்டை என்னிடம் நீட்டினார். சட்டைப்பையில் கோடு போடும் சின்ன அடிமட்டம் இருந்தது. தாளை மேசையில் வைத்து, அந்தப் பெயரின் மேல் நேராக ஒரு கோடு போட்டுக் கொடுத்தேன்.

ஆட்டத்தில் தோற்றோம். வலைக்கு மேல் எழும்பி அடிக்க எங்கள் அணியில் ஆள் இல்லை. திரும்பும்போது பெரிய கங்காணி என் தோளில் கைபோட்டார்.

"சரியாச் சொன்னீங்க. பொய் ஒண்ணும் சொல்லலியே."

"இல்லீங்க," என்றேன்.

மறுநாள் காலை பின்வாசலில் வாளிச் சத்தம் கேட்டது. வழக்கமான நேரம்தான். சத்தம் படியிறங்கிப் போகும்வரை நான் கதவைத் திறக்கவில்லை.